பார்த்தேன் என்று சொல்ல

சனிக் கிரகத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஓ, பார்த்திருக்கிறேனே!" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எங்கே பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டால் சிறிது சங்கடம் உண்டாகும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் கைப்பேசியில். நவக்கிரக சந்நிதியில் பார்த்தேன் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எள் தீபம் ஏற்றுவதற்காவது அவர்கள் நேரில் போய் நின்றிருக்கிறார்கள்.

படத்தில் பார்ப்பதும் பார்ப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜாதகம் வந்து, பொருத்தம் பார்த்து, போட்டோவும் வந்து, வீட்டிலுள்ள அத்தனை பேரும் அதைக் கை மாற்றிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லி முடித்த பிறகும், ஒரு நல்ல நாள் பார்த்துப் பெண் பார்க்கப் புறப்படுகிறோம். மூக்கும் முழியும் போட்டோவிலேயே தெரிந்தனவே, இனி என்ன பார்க்க வேண்டியிருக்கிறது? ஏதோ இருக்கிறது என்பது அந்த வீட்டுப் பாட்டிக்குக்கூடத் தெரியும். அது என்ன என்று கேட்டால், "போய்ப் பார்த்தால்தானே தெரியும்?" என்பாள்.

அது என்ன என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சாதாரணமான பண்டம். வானத்தைப் பார்க்க ஆசைப்படும் ஒருவர், முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்குகிற தொலைநோக்கி.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், கணக்கு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தம் பேரனின் பிறந்த நாளைக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தார். பெட்டியே பிரமாதமாக இருந்தது. அதன் மேல் சனிக் கிரகம் தங்கத் தாம்பாளம் போல ஜொலித்தது. பக்கத்தில் செக்கச் சிவந்த ஒரு நட்சத்திர மேகம். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அச்சிட்டிருந்தது. அன்று இரவு குடும்பம் முழுவதும் மொட்டை மாடியில் கூடியது. 525 மடங்கு இருக்கும்போது 28 மடங்கில் யாராவது பார்ப்பார்களா? ஆகவே எல்லாவற்றிலும் சிறிய கண் லென்ஸை எடுத்துப் பொருத்தினார்கள். குழாயைத் தொட்டால் கோலம் போடுகிறவள் கை போல அது இங்கும் அங்கும் ஓடியது. தொடாமல் விட்டால், அகப்பட்ட வெளிச்சம் அரை நிமிஷத்துக்குள் நழுவிப் போயிற்று. நழுவிய அந்த வெளிச்சமும், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு போல நெளிந்துகொண்டிருந்தது. பையன் கடைசியில், "ஏமாத்திட்டாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான்.

அந்த 525 எங்கிருந்து வந்தது? தொலைநோக்கியின் முன்னால் இருக்கும் பெரிய லென்ஸ் வெளிச்சத்தைக் குவித்து ஓர் உருவத்தை உண்டாக்குகிறது. நாம் கண் வைக்கும் இடத்திலுள்ள சிறிய லென்ஸ் அந்த உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. முன் லென்ஸின் குவியத் தூரத்தைக் கண் லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். இந்தக் குழாயின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கண் லென்ஸ்களில் சிறியது 4 மில்லிமீட்டர். வகுத்தால் 175. அதை மூன்று மடங்காக்கும் 'பார்லோ' லென்ஸ் ஒன்றையும் இடையில் செருகினால் 525. கணக்கு இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவரும் இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் குழாயின் வாய் 70 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் விழுகிற வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் மூலதனம். நாலு பேருக்கு வைத்த ரசத்தில் மேலும் மேலும் தண்ணீரை விட்டு நாற்பது பேருக்குப் பரிமாறுவது போல, அந்த வெளிச்சத்தைத்தான் 525 மடங்குக்கு இழுத்துப் பரப்புகிறார்கள். வாயின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதற்கு இரண்டு மடங்கு வரைதான் பெருக்கம் உபயோகப்படும் என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு. 70 மில்லிமீட்டர் குழாய்க்கு 140. அதற்கு மேல் போனால் மங்கலும் பெரிதாகும். நம் தலைக்கு மேல் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் காற்றின் நடுக்கமும் பெரிதாகும். எவ்வளவு உயர்ந்த கருவியானாலும், காற்றின் தயவால் 200, 250 மடங்குக்கு மேல் போக முடிகிற இரவுகள் குறைவு.

எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள், வாய் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள் என்று இதனால்தான் தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். இருட்டில் நம் கண்மணி விரிந்தால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப் போலப் பத்து மடங்கு அகலம். பரப்பில் நூறு மடங்கு. அதாவது, சாதாரணமாக அந்தப் பெரியவர் வாங்கிய அந்த எளிய குழாய்கூட நம் கண்ணுக்கு எட்டுவதைப் போல நூறு மடங்கு வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. இது பெரிய விஷயம். இதைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். ஏன் அச்சிடவில்லை? வெளிச்சம் வேண்டும் என்று கேட்டு யாரும் கடைக்குப் போவதில்லை. பெரிதாகத் தெரிய வேண்டும் என்றுதான் போகிறோம். விற்கிறவன் பொய்யனாக இருக்கலாம். ஆனால் அவன் நம்முடைய ஆசையைப் படித்துவிட்டுத்தான் பொய்யை அச்சிடுகிறான்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு, கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு நல்ல பைனாகுலர் போதும். அதில் 7x50, 10x50 என்று போட்டிருப்பார்கள். ஏழு அல்லது பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் வாய் என்று அர்த்தம். தொலைநோக்கிதான் வேண்டுமென்றால், குழாயைப் பார்ப்பதற்கு முன் அதன் காலைப் பாருங்கள். ஆடுகிற முக்காலியின் மேல் வைத்த உயர்ந்த லென்ஸைவிட, அசையாத பெட்டியின் மேல் வைத்த சுமாரான ஆடி எவ்வளவோ மேல். எப்போதும் குறைந்த பெருக்கத்தில், 25 மில்லிமீட்டர் கண் லென்ஸில் தொடங்க வேண்டும். அதே 28 மடங்கில் வியாழனின் நான்கு சந்திரன்களும் தெரியும். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் சனியின் வளையமும் வளையம் என்றே தெரியும். சந்திரனைப் பார்க்கப் பௌர்ணமி உதவாது. அன்று அது வெள்ளையடித்த சுவர் போல நிழலே இல்லாமல் இருக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் அஷ்டமி, நவமிதான் இதற்கு உத்தமம். வளர்பிறை அஷ்டமியன்று ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களும் மலைகளும் நீண்ட நிழல் வீழ்த்தி நிற்கும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சூரியன் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. கண் லென்ஸில் திருகிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் சில மலிவுக் கருவிகளோடு கொடுப்பார்கள். உஷ்ணத்தில் அது தெறித்துவிடும்; அடுத்த கணம் கண் போய்விடும். அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவது நல்லது.

இவ்வளவையும் செய்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நல்ல கருவி, அசையாத கால், நகரத்து விளக்குகள் எட்டாத கிராமத்து இருட்டு. அப்போதும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. என் கட்டுரைக்கு முக்கியமானது இந்த இரண்டாவது ஏமாற்றந்தான்.

மார்கழி, தை மாத இரவுகளில் திருவாதிரையும் மிருகசீரிஷமும் சேர்ந்த அந்த வேடன் உருவத்தைப் பாருங்கள். நடுவில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குக் கொஞ்சம் கீழே, ஏறத்தாழ 1300 ஒளியாண்டு தூரத்தில், புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் பெரிய வாயு மேகம் ஒன்று இருக்கிறது. படங்களில் அது ரோஜா நிறத்திலும் ஊதா நிறத்திலும் விரிந்து கிடக்கும். தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் தெரிவது சாம்பல் நிறத்தில் ஒரு புகை. கண்ணாடி மேல் யாரோ மூச்சு விட்டது போல இருக்கும். சிறிது பச்சை கலந்திருக்கிறதோ என்று தோன்றும், அவ்வளவுதான்.

எது மெய்? ரோஜா நிறமா, சாம்பல் நிறமா?

மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. விழித்திரையில் நிறத்தை அறியும் அணுக்களுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். இருட்டில் விழித்திருக்கும் அணுக்களுக்கு நிறம் தெரியாது. காமிராவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நிமிஷக் கணக்கிலும் மணிக்கணக்கிலும் வெளிச்சத்தை அது சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே ரோஜா நிறம் பொய் என்று சொல்ல முடியாது. ஹைட்ரஜன் வாயு உண்மையாகவே சிவப்பு ஒளியை விடுகிறது. 2021 டிசம்பர் 25-ஆம் தேதி விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கதை இன்னும் விசித்திரமானது. அது முக்கியமாகப் பதிவு செய்வது, மனிதக் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். அந்தக் கதிர்களின் நீளத்துக்கு ஏற்ப, நமக்குத் தெரியும் நிறங்களை விஞ்ஞானிகள் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். ஏமாற்று வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்க முடியாத சுருதியில் பாடிய பாட்டைக் கேட்கக்கூடிய சுருதிக்கு மாற்றிக் கொடுப்பது போன்ற காரியம் அது. ஞானம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இன்றைய பெரிய வானாராய்ச்சிக் கூடங்களில் கண் வைத்துப் பார்க்கிறவர்களே இல்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியிலும் வேலை செய்வது கருவிகள். வானசாஸ்திரி திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால், மொட்டை மாடியில் பனியில் நின்றுகொண்டு சாம்பல் நிறப் புகையைப் பார்ப்பதற்கு என்ன அர்த்தம்? சாலையில் போகும் யாருடைய கைப்பேசியிலும் இதைவிட ஆயிரம் மடங்கு நல்ல படம் இருக்கிறதே?

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1610-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி இரவு, பாதுவா நகரத்தில் கலீலியோ தாமே செய்த, சுமார் இருபது மடங்கு பெரிதாக்கும் குழாயில் வியாழனைப் பார்த்தார். பக்கத்தில் மூன்று சிறு நட்சத்திரங்கள் ஒரே கோட்டில் இருந்தன. மறுநாள் இடம் மாறியிருந்தன. 9-ஆம் தேதி மேகம். 10-ஆம் தேதி இரண்டுதான் தெரிந்தன. 13-ஆம் தேதி நான்கு. அவை வியாழனைச் சுற்றும் சந்திரன்கள் என்று புரிந்துகொண்டார். அதே பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர், கலீலியோவின் நண்பர், செஸாரே கிரெமோனினி. அந்தக் குழாயில் பார்க்க அவர் மறுத்துவிட்டார். கண்ணாடிகள் வழியாகப் பார்த்தால் தலை குழம்பும் என்பது அவர் சொன்ன காரணம்.

நானூறு வருஷமாக உலகம் கிரெமோனினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வரவில்லை. அதே வருஷம் ஏப்ரலில் கலீலியோ போலோனியாவுக்குக் குழாயை எடுத்துக்கொண்டு போய், கற்றறிந்தவர்கள் கூடியிருந்த இடத்தில் காட்டினார். வந்தவர்களில் பலருக்குச் சந்திரன்கள் தெரியவில்லை. ஒரு நட்சத்திரம் இரண்டாகத் தெரிகிறது என்று குறை சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் பொறாமைக்காரர்களோ மூடர்களோ அல்லர். நம் பெரியவரின் மொட்டை மாடியில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. கலீலியோவின் கண்ணும் தப்பியிருக்கிறது. அதே வருஷம் சனியைப் பார்த்துவிட்டு, அது மூன்று கோளங்கள் ஒட்டிய உருவம் என்று அவர் முடிவு செய்தார். 1612-இல் பக்கத்துக் கோளங்கள் இரண்டும் காணாமல் போனபோது திகைத்தார். வளையம் நம் கண்ணுக்கு நேராக விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது, அதனால் மறைந்தது. அது வளையம் என்று ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் 1659-இல் புத்தகமாக எழுதி விளக்கும் வரை யாருக்கும் தெரியாது.

கண்ணால் காண்பதும் பொய் என்று நம்மவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களே, அது இங்கே நன்றாகவே பொருந்துகிறது. ஆகவே, நேரில் பார்த்தால் உண்மை தெரியும், படத்தில் தெரியாது என்று நான் வாதாடப் போவதில்லை. உண்மை படத்தில்தான் அதிகம் தெரிகிறது. கிரெமோனினியிடம் நான் காணும் குறை அவர் சந்தேகப்பட்டது அல்ல. சந்தேகப்பட்டவர் இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். கலீலியோ மேகம் மறைத்த இரவுக்கு அடுத்த இரவும் வந்து நின்றார். தப்பாகப் பார்த்தவர்தாம், ஆனாலும் போய் நின்றுகொண்டே இருந்தார்.

இன்னொரு சமாதானத்தையும் அடிக்கடி கேட்கிறேன். ஆண்ட்ரோமெடா என்ற பக்கத்து நட்சத்திரக் கூட்டத்திலிருந்து 25 லட்சம் வருஷத்துக்கு முன் புறப்பட்ட ஒளி, வேறெங்கும் படாமல் வந்து உங்கள் விழியில் முடிகிறது. படத்தைப் பார்க்கும்போதோ திரையின் ஒளிதான் விழியில் படுகிறது என்பார்கள். அழகான வாதம். முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. யோசித்துப் பார்த்தால் முழுத் திருப்தி ஏற்படவில்லை. சும்மா அண்ணாந்து பார்க்கிறவனின் விழியிலும் அதே பழைய ஒளி விழுந்துகொண்டுதான் இருக்கிறது; கழுதையின் விழியிலும் விழுகிறது.

எனக்குத் தோன்றுவது இது. படம் தூரத்தை அழித்துவிடுகிறது. சனியும், பக்கத்து வீட்டுக் கல்யாணமும், நேற்றுச் சாப்பிட்ட தோசையும் திரையில் ஒரே அளவு. விரலால் தள்ளினால் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நல்ல தொலைநோக்கியில் சனி சிறியதாகத்தான் இருக்கும். கறுப்பு வெல்வெட்டில் தைத்த ஒரு சின்ன மணி போல இருக்கும். அந்தப் பையனுக்கு நல்ல கருவியே கிடைத்திருந்தாலும், "இவ்வளவுதானா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பான். கேட்கட்டும். அது சின்னதாக இருப்பது, 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதனால். மிக அருகில் வரும்போதே அவ்வளவு தூரம். அந்தச் சின்ன மணியைப் பார்த்தவுடன் தூரம் ஒரு எண்ணாக இல்லாமல் போய்விடுகிறது. தொலைநோக்கி தூரத்தைக் குறைக்கிறது என்று நினைத்துத்தான் வாங்குகிறோம். மாடியில் நின்று பழகியவர்களைக் கேட்டால், எவ்வளவு தூரம் என்பது அதில்தான் முதன்முதலாகத் தெரிந்தது என்பார்கள்.

பழகியவர்கள் என்று சொன்னேன். அதையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெண்ணுக்காக வாங்கிய வீணை உறை போட்ட மேனிக்கு மூலையில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். பரணில் ஏறிவிட்ட தொலைநோக்கியும் அந்த ஜாதிதான். இரண்டும் வாத்தியங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு தடவை கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மங்கிய பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறையும். கொஞ்சம் தள்ளிக் கடைக்கண்ணால் பார்த்தால் தெரியும், ஏனென்றால் இருட்டில் வேலை செய்யும் அணுக்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் சங்கீதம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷலுக்கு இது நன்றாகத் தெரியும். வாத்தியம் பழகுவது போலப் பார்வையையும் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. 1781 மார்ச் 13-ஆம் தேதி, தாமே தேய்த்துச் செய்த ஆடியில், ஒரு நட்சத்திரம் மற்றவை போலப் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டமாக இருப்பதைக் கண்டார். அதுதான் யுரேனஸ். 1690-இலேயே பிளாம்ஸ்டீட் என்ற பெரிய வானசாஸ்திரி அதைப் பார்த்து, நட்சத்திரம் என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஹெர்ஷலும் முதலில் வால்நட்சத்திரமோ என்றுதான் நினைத்தார். ஆனால் நின்று பார்த்தார்.

எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது ஒரு சந்நியாசியின் கதை. ஜான் டாப்சன் என்ற அமெரிக்கர். 1915-இல் பீகிங்கில் பிறந்து, கலிபோர்னியாவில் ரசாயனம் படித்து, 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் சேர்ந்து துறவியானார். வேதாந்தத்தையும் விஞ்ஞானத்தையும் இணைத்துப் பார்ப்பது மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. பிரபஞ்சத்தைப் பற்றி யோசிக்கிறவர் அதை ஒரு தடவை பார்க்கவும் ஆசைப்பட்டார். கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னலிலிருந்து கழித்த தடித்த கண்ணாடியை எடுத்து, கரகரப்புப் பொடி தூவி, இன்னொரு கண்ணாடி மேல் வைத்துக் கையாலேயே தேய்த்தார். அப்படித் தேய்த்துத் தேய்த்து, ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாத குழிவை உண்டாக்க வேண்டும். பொறுமையுள்ள எந்தக் கையாலும் அது முடியும் என்பது ஆச்சரியமான விஷயம். தாம் செய்த ஆடியில் சந்திரனைப் பார்த்தபோது, எல்லாரும் இதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. இந்த எண்ணம் அவரைப் படாத பாடு படுத்திற்று.

பிறகு சாக்ரமெண்டோ நகரத்து மடத்தில் இருந்தபோது, இரவில் தொலைநோக்கியைச் சக்கரத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே போய், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டுவார். ஆடி தேய்க்கக் கேட்கிறவர்களுக்குக் கடிதத்தில் சொல்லிக் கொடுப்பார். மடத்தில் இதற்கு அனுமதி இல்லை. அதனால் கடிதங்களில் தொலைநோக்கிக்கு 'ஜெரேனியம்' என்ற பூச்செடியின் பெயரை வைத்து எழுதினார். தொட்டியில் வைத்த ஜெரேனியம் என்றால் குழாயும் தாங்கியும் பொருத்தியாகிவிட்டது என்று அர்த்தம். பூத்த ஜெரேனியம் என்றால் ஆடிக்கு அலுமினியப் பூச்சும் ஆகிவிட்டது என்று அர்த்தம். துறவி ஒருவர் நட்சத்திரங்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறார்! கடைசியில், தொலைநோக்கியா மடமா என்ற கேள்வி அவர் முன் வந்து நின்றது. தொலைநோக்கியை விட்டுவிட்டு மடத்திலேயே இருக்கிறேன் என்றார். அப்படியும், அவர் எழுதிய ஏதோ ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டதன் பேரில், 1967-இல் அவர் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

யார் பக்கம் நியாயம்? மடத்தின் பேரில் பழி போட எனக்கு மனம் இல்லை. அடங்கி ஓரிடத்தில் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், இரவில் தெருவில் திரிந்தால் தலைவர்கள் என்ன செய்வார்கள்? எந்த அமைப்பும் அதன் விதிகளில்தான் உயிர் வாழ்கிறது. டாப்சனும் அதை ஒப்புக்கொண்டுதானே தம் ஆசையை விட்டார்? ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பது சாதனை, கண்ணைத் திறந்து வெளியே பார்ப்பது சபலம் என்று ஒரு தராசு நம்மிடமும் வெகுகாலமாக இருந்து வருகிறது. அந்தத் தராசு சரியா? ஆசையினால் பார்ப்பது ஒரு மாதிரி. தனக்கு ஒன்றும் வேண்டாமல், இருப்பதை இருக்கிறபடி பார்த்துவிட்டு, அடுத்தவனைக் கூப்பிட்டுக் காட்டுவது வேறொரு மாதிரி. பின்னதைத் துறவுக்கு விரோதமென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வெளியே வந்த டாப்சனுக்கு வீடு இல்லை, பணம் இல்லை. 1968-இல் சில இளைஞர்களோடு சேர்ந்து நடைபாதை வானசாஸ்திரிகள் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். கான்கிரீட் தூண் வார்க்க உதவும் அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி, இவற்றைக் கொண்டு அவர் செய்த தாங்கி எவ்வளவு பெரிய ஆடியையும் அசையாமல் தாங்கிற்று; ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்தது. இன்று உலகம் முழுவதும் முதல் தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சிபாரிசு செய்வது பெரும்பாலும் அந்த அமைப்பைத்தான். அதன் பெயரே டாப்சோனியன். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. கேட்டவர்களிடம், பீரங்கிகளை எத்தனையோ நூற்றாண்டுகளாக இப்படித்தானே வண்டியில் ஏற்றி வைத்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிவிடுவார். பிரபஞ்சத்தின் தோற்றத்தைப் பற்றி அவர் பேசியவற்றை விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ளவில்லை. பெருவெடிப்புக் கொள்கையை அவர் கடைசி வரை ஏற்கவே இல்லை. 2014 ஜனவரியில், 98-ஆவது வயதில் காலமானார். விளக்கத்தில் பிடிவாதக்காரர், ஆனால் காட்டுகிற வேலையை அவரைப் போலச் செய்தவர்கள் குறைவு. தெருமுனையில் குழாயை நிறுத்திக்கொண்டு, அவசரமாகப் போகிறவர்களை வழிமறித்து, சனியைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்பார்.

நம்மூர்களிலும் பூங்காவிலோ கடற்கரையிலோ இப்படிக் காட்டுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். வரிசையில் நிற்கிறவர்களில் யாராவது ஒருவர் கண்ணை எடுத்துவிட்டு, "உள்ளே படம் ஒட்டி வைத்திருக்கிறீர்களா, ஸார்?" என்று நிச்சயம் கேட்பார். அவரோடு வாதாடிப் பிரயோஜனம் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழாயைத் தொடாமல் அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கும்படி சொன்னால் போதும். பூமி திரும்பத் திரும்பச் சனி மெல்ல நகர்ந்து, வட்டத்தின் ஓரத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிஷத்தில் மறைந்துவிடும். அவர் பதறிப் போய், "ஐயோ, போயிடுச்சே!" என்பார். அப்போது குழாயை லேசாகத் தள்ளிச் சரிசெய்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடலாம்.